இல்லறமும் இளவேனிற் பயணமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இளவேனிற் காலத்தில் கணவனும் மனைவியும் மட்டுமாக ஒரு நாளோ இரு நாளோ வெளியூர் சென்று வருவதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பின் வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கட்டும். நம் கோயில்களில் வசந்தோற்சவம் வந்தால் சுவாமி அம்பாளோடு வசந்த மண்டபத்திற்கு எழுந்தருளுகிறார். அதைக் கைகூப்பித் தொழும் நாமே, அடுத்த வீட்டுத் தம்பதியர் இருவராய்ப் புறப்பட்டால், "என்ன விசேஷம்?" என்று திண்ணையில் நின்று விசாரிக்கிறோம்.

காரக்கோணத்தில் வாழும் நமக்குப் பயணம் என்றால் திருமணம், சாவு, கோயிற்கொடை ஆகிய மூன்றுதான். இரயில்வேயில் பணிபுரியும் என்போன்ற குமாஸ்தாக்களுக்குக் கிடைக்கும் இலவசப் பாஸும் சொந்த ஊருக்கே செலவாகிவிடுகிறது. அங்கும் நம் வீட்டுப் பெண்கள் அடுக்களை மாறுகிறார்களே யன்றி அடுக்களையை விட்டு வெளியே வருவதில்லை. வீட்டில் பேசும் பேச்சோ பால் கணக்கும் பள்ளிக் கட்டணமும். இப்படி இருபதாண்டு கழிந்து, பிள்ளைகளும் வேலை தேடி வெளியூர் சென்றபின், எஞ்சியிருக்கும் இருவர் எதைப் பேசிக்கொள்வார்கள்? இந்த அச்சமே என்னை இங்கு நிற்கவைத்திருக்கிறது.

வசந்தத்தைத் தேடி நாம் உதகைக்குப் போக வேண்டியதில்லை. நம்மைச் சுற்றியுள்ள ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது, இலைக்காம்பில் ஓர் இனிப்பு நீர் சுரக்கிறது. தேனீக்கள் அதை நாடி மொய்க்கின்றன. மார்த்தாண்டத்துத் தேனில் பெரும்பகுதி பூவில் பிறந்ததன்று, இந்தத் தளிரில் பிறந்தது. அவ்வூரில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் பணியை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் தேனீ வளர்ப்பையும் பரப்பினார். அதே பருவத்தில் வழியோரங்களில் அக்கானியும் நுங்கும் கிடைக்கும்.

திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இருப்புப்பாதை 1979-இல் திறக்கப்பட்டது. பாறசாலையில் பாசஞ்சர் வண்டி ஏறிக் குழித்துறையில் இறங்கினால், மார்த்தாண்டம் வழியே பேருந்தில் சிதறால் மலையடிவாரத்தை அடையலாம். சென்ற பங்குனியில் நானும் என் மனைவியும் அங்கே சென்றோம். ஒரு காலத்தில் சமணர் வாழ்ந்த குன்று அது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்தி என்னும் பெண் துறவி அங்குள்ள பகவதிக்குப் பொன்னணி அளித்ததை ஒரு கல்வெட்டு கூறுகிறது. இதைக் கேட்டதும் என் மனைவி, தான் பள்ளி நாடகத்தில் கவுந்தியடிகளாக வேடமிட்ட கதையைச் சொன்னாள். மயிற்பீலி கிடைக்காமல் தென்னந்துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு மேடையேறினாளாம்! மணமாகிப் பத்தொன்பது ஆண்டுகளில் நான் கேளாத செய்தி அது. பாறை நிழலில் அன்று ஒரு மணி நேரம் பேசியிருப்போம்; பால் கணக்கு வரவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். கட்டுச்சோறு வேண்டாம். விடியுமுன் மூன்று மணிக்கு எழுந்து புளியோதரை கிளறிவிட்டு வண்டி ஏறும் பெண்ணுக்கு அது விடுமுறையாகாது. போகிற ஊரில் ஓட்டல் உண்டு. சிக்கனம் பேசுவோர் வேறு செலவைக் குறைக்கட்டும்.

மாத்தூர்த் தொட்டிப் பாலம் 115 அடி உயரம். உயரம் கண்டு அஞ்சுவோர் கீழே பறளியாற்றங்கரையில் அமரலாம். திற்பரப்பில் அருவியும் கோயிலும் அடுத்தடுத்து உள்ளன. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத்தில் என்று இருக்கும் அவ்விடம் நம் போன்றோர்க்குச் சாலப் பொருத்தம்! ஓர் இரவு தங்க முடிந்தவர் சித்திரைப் பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி செல்க. மேற்கே கதிரவன் மறைய, கிழக்கே நிலவு எழுவதை ஒரே இடத்தில் நின்று காணலாம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டுள்ளதால், பாறைக்குப் படகில் போனவர் நடந்தே சிலைக்குச் செல்ல முடிகிறது.

பிள்ளைகளை யார் பார்ப்பது என்பீர்கள். நம் காலனியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வீட்டார் மற்றொரு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறிட்டு வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. முதல் முறை எங்கள் வீட்டில். என் தாயார் சம்மதித்துவிட்டார்கள். எத்தனை பிள்ளைகள் என்பதை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடச் சொன்னார்கள்.