எண் மாறினால் எழுத்து மாறும்



கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எங்களைத் தேடி ஒரு நாள் ஓர் அம்மா வந்தார். காலமான அவருடைய கணவர் பல ஆண்டுகளுக்கு முன் கணினியில் தட்டி வைத்த குடும்ப வரலாற்றைக் கொண்டுவந்திருந்தார். பாட்டனார் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார், பழைய லயத்தில் யார் யார் குடியிருந்தார்கள் என்ற விவரமெல்லாம் அதில் உண்டாம். திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளுமாகக் கிடந்தன. "வாத்தியாரய்யா, எல்லாம் அழிந்துபோச்சா?" என்று கண் கலங்கினார்.

அழியவில்லை. அது எப்படி என்று பார்ப்போம்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். தோட்டத்துச் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். நம் தோட்டத்தில் 25ஆம் எண் உங்கள் அக்காள். அடுத்த தோட்டத்துச் செக்ரோலில் அதே 25ஆம் எண் வேறொருவர். எண்ணை மட்டும் அங்கே கொண்டுபோனால், ஆள் மாறிவிடுவார் அல்லவா?

முன்னாளில் தமிழ் எழுத்துருக்களின் நிலை அதுதான். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிலேயே தமிழ் வடிவத்தை அமர்த்தினார்கள். 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டியதை வேறு செயலிக்கு நகலெடுத்து ஒட்டினால், அங்கே பாமினி இல்லாதபோது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றே தெரியும். ஒவ்வோர் எழுத்துருக் குடும்பமும் தனித்தனிச் செக்ரோல் வைத்திருந்ததால் வந்த வினை இது.

இதைச் சீர்ப்படுத்தப் பலர் உழைத்தார்கள். 1999இல் சென்னையிலும், 2001இல் நம் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. 1991இலேயே தமிழுக்கு இடமளித்த 'யூனிகோட்' முறைதான் இன்று பொதுவாக நிலைத்திருக்கிறது. அது அடையாள அட்டையைப் போன்றது. 'அ' என்றால் 2949. 'த' என்றால் 2980. எந்த ஊருக்குப் போனாலும் அதே எண், அதே எழுத்து.

ஆகவே, பழைய கோப்பு வைத்திருப்போர் நான்கு காரியங்களை மறவாதீர்கள்.

ஒன்று: மூலக் கோப்பைத் தொடாமல் படியெடுத்து, படியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இரண்டு: எந்த எழுத்துருவில் தட்டியது என்று விசாரியுங்கள். அதே எழுத்துருவைக் கணினியில் ஏற்றி, வரிகளைத் தேர்ந்து அதற்கு மாற்றினால் தமிழ் திரும்பத் தோன்றும். பின்னர் எழுத்துரு மாற்றியின் துணையால் யூனிகோடாக்கி வையுங்கள்.

மூன்று: கட்டங்கட்டமாகத் தெரிந்தால் பயம் வேண்டாம்; எண் இருக்கிறது, அதற்குரிய வடிவந்தான் இல்லை. ஆனால் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் சேமிக்காமல் மூடிவிடுங்கள். சேமித்தால் பழைய எண் போய்விடும். பிறகு மீட்க வழியில்லை.

நான்கு: முக்கியமானவற்றைத் தாளிலும் அச்சிட்டு வையுங்கள்.

அந்த அம்மாவின் கோப்பு பாமினியில் இருந்தது. மாற்றியதும் முதல் வரியில் அவர் மாமனாரின் பெயர் வந்தது. பேரப்பிள்ளை அதை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கோப்பு உறங்கிக்கொண்டிருக்கலாம். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.