இரண்டைப் போட்டுப் பார்த்தால் போதுமா?

(ஆர்.எஸ்.புரத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் அரசுப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

தொடக்கப் பள்ளிகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்திருக்கிறீர்கள். தலைப்பு இயற்கணிதம் என்றதும் இது எட்டாம் வகுப்புக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வு நமக்குப் புதிதல்ல. பட்டியலில் இடம்பெறும் பிள்ளைக்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். மில்லுக்கும் பட்டறைக்கும் போய்வரும் பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாநிலம் முழுவதற்கும் இடங்கள் 6,695. படிப்பறிவுத் தேர்வின் 90 வினாக்களில் கணிதத்துக்கு 20. ஒரு மதிப்பெண்ணில் பட்டியலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் உண்டு.

இப்படிப்பட்ட தேர்வுகளில் "பின்வருவனவற்றுள் எது எப்போதும் உண்மை?" என்று கேட்டால், கணக்கை வேகமாகப் போடும் பிள்ளைகளே தடுமாறுகிறார்கள். ஒரு வினாவைச் சொல்கிறேன், நான் அமைத்ததுதான்.

ஏ என்பது ஒரு முழு. ஏ வர்க்கத்துடன் ஏ-யைக் கூட்டினால் வரும் விடை எப்போதும் எப்படி இருக்கும்? (1) மிகை எண் (2) இரட்டை எண் (3) 3இன் மடங்கு (4) ஏ-யைவிடப் பெரியது.

பிள்ளை முதலில் என்ன செய்யும்? ஏ-க்கு 2 போடும். விடை 6. மிகை எண்தான், இரட்டைதான், 3இன் மடங்குதான், 2ஐவிடப் பெரியதுதான். நான்கும் சரி! சந்தேகம் வந்து 3 போட்டுப் பார்க்கும். விடை 12. மறுபடியும் நான்கும் சரி. அதற்குமேல் பொறுமை இல்லாமல், முதலில் கண்ணில் பட்டதைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும்.

இப்போது 0 போடுங்கள். விடை 0. அது மிகை எண்ணும் இல்லை, 0ஐவிடப் பெரியதும் இல்லை. முதலாவதும் நான்காவதும் ஒரே அடியில் விழுந்தன. 1 போடுங்கள். விடை 2. மூன்றாவதும் போயிற்று. இரண்டே எண்களில் வேலை முடிந்தது. "90 நிமிடத்தில் 90 வினா, இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுதான் என் பதில். போடுகிற எண்ணைத் தெரிந்து போட்டால் நேரம் மிச்சமாகும்.

ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பதால் ஒரு கூற்றைப் பொய் என்று காட்ட முடியும், மெய் என்று காட்ட முடியாது. நம் வகுப்பில் "சரிபார்த்தல்" என்ற பெயரில் இது குழம்பிவிடுகிறது. சமன்பாட்டைத் தீர்த்துவிட்டு விடையைப் போட்டு இருபுறமும் சமமா என்று பார்க்கச் சொல்கிறோம். அங்கே அது முறைதான், கேள்வியே அந்த ஓர் எண்ணைப் பற்றியதுதானே. முற்றொருமை வரும்போதும் அதே பழக்கத்தில் ஏ-க்கு 2, பி-க்கு 1 போட்டு "சரி, நிரூபித்தாயிற்று" என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் நாம் நிறுத்த வேண்டும்.

எத்தனை எண்களில் சரியாக வந்தால் நம்பலாம்? ஆய்லர் பெயரால் வழங்கும் ஒரு கோவை இருக்கிறது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்ட வேண்டும். 0 போட்டால் 41, பகா எண். 1 போட்டால் 43, 2 போட்டால் 47, எல்லாம் பகா எண். இப்படியே 39 வரை நாற்பது முறையும் பகா எண்தான் வரும். 40 போட்டால் 1681. அது 41ஐ 41ஆல் பெருக்கியது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பீரியட் முழுக்கப் போகும், போகட்டும்.

அப்படியானால் இரட்டை எண் என்ற விடையை எப்படி நம்புவது? ஏ வர்க்கம் கூட்டல் ஏ என்பது ஏ-யையும் அதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கியது. அடுத்தடுத்த இரண்டு முழுக்களில் ஒன்று கட்டாயம் இரட்டை, பெருக்கினால் இரட்டைதான் வரும். இதைப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். தேர்வு அறையில் மூன்றைத் தள்ளினால் போதும், நான்கில் ஒன்று சரி என்று வினா அமைத்தவர் உறுதி கொடுத்திருக்கிறார். வகுப்பறையில் அந்த உறுதியை யாரும் கொடுக்கவில்லை.

இன்னொரு வினா. எக்ஸ், ஒய் இரண்டும் பூச்சியமல்லாத முழுக்கள். எக்ஸ், ஒய்யைவிடச் சிறியது. எது எப்போதும் உண்மை? (1) எக்ஸின் வர்க்கம் ஒய்யின் வர்க்கத்தைவிடச் சிறியது (2) எக்ஸின் தலைகீழி ஒய்யின் தலைகீழியைவிடப் பெரியது (3) எக்ஸிலிருந்து ஒய்யைக் கழித்தால் குறை எண் வரும் (4) எக்ஸின் இரு மடங்கு ஒய்யைவிடச் சிறியது.

2, 5 என்று போட்டால் இங்கும் நான்கும் சரியாக வரும். எக்ஸுக்கு −3, ஒய்க்கு 1 போட்டால் முதல் இரண்டும் விழும். நான்காவது அப்போதும் நிற்கும். அதை வீழ்த்த 4, 5 என்று பக்கத்துப் பக்கத்து எண்கள் வேண்டும். எஞ்சுவது மூன்றாவது. சிறியதிலிருந்து பெரியதைக் கழித்தால் குறை எண்தான் என்பது காரணம். ஆகவே 0, 1, குறை எண், பின்னம், நெருக்கமான எண்கள் என்று கைவசம் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆனால் மனப்பாடப் பட்டியலாகக் கொடுத்துவிடாதீர்கள். "இந்தக் கூற்றைக் கவிழ்க்க எந்த எண் உதவும்?" என்று தேடும் குணம்தான் வர வேண்டும்.

எந்த எண்களைப் போட அனுமதி என்பது வினாவின் முதல் வரியில் இருக்கிறது. நம் தமிழ்வழிப் பாடநூலில் முழு எண்கள் வேறு, முழுக்கள் வேறு. முழு எண்களில் குறை எண் கிடையாது, முழுக்களில் உண்டு. ஓரெழுத்தை விழுங்கிப் படிக்கும் பிள்ளைக்குக் கணக்கே மாறிவிடும். மேலே சொன்ன வினாவில் 'பூச்சியமல்லாத முழுக்கள்' என்பதை எடுத்துவிட்டு 'இயல் எண்கள்' என்று போடுங்கள். முதல் மூன்று கூற்றுகளும் எப்போதும் உண்மையாகிவிடும், வினாவே கெட்டுவிடும். இதை ஒருமுறை செய்து காட்டினால் பிள்ளைகள் முதல் வரியைத் தாண்டிக் குதிக்க மாட்டார்கள்.

இனி தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு. 'இருக்கும்', 'இருக்கலாம்', 'இருக்காது' என்ற மூன்று சொற்களில் இந்தப் பாடம் முழுவதும் அடங்கும். மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கலாம். "அம்மா 100 ரூபாயோடு உழவர் சந்தைக்குப் போனார், 40 ரூபாய் மீதி கொண்டுவந்தார். 60 ரூபாய்க்குக் காய் வாங்கியிருப்பார். தக்காளி வாங்கியிருக்கலாம். 70 ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்கியிருக்க முடியாது." இப்படிச் சொல்லிப் பிள்ளைகளைக் கேளுங்கள். "டீச்சர், காசு கீழ விழுந்திருக்கலாம்ல?" என்று ஒரு வாண்டு எழும். உட்காரு என்று அதட்டிவிடாதீர்கள். எட்டாம் வகுப்பில் 0ஐப் போட்டுப் பார்க்கப் போகிற பிள்ளை அதுதான். 60 ரூபாய்க்குக் காய் வாங்கினார் என்பதுகூட 'இருக்கலாம்' பக்கம்தான் போக வேண்டும் என்று அது சரியாகவே சொல்கிறது. காசு தொலையவில்லை, வேறு எதற்கும் செலவழியவில்லை என்று கணக்கில் ஒரு வரி சேர்க்க வேண்டியது நாம்தான்.

கடைசியாக ஒரு வேலை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு வினா கொண்டுவாருங்கள். 2 போட்டாலும் 3 போட்டாலும் நான்கு விடைகளும் சரியாகத் தெரிய வேண்டும், உண்மையில் ஒன்றுதான் நிற்க வேண்டும். அமைத்துப் பாருங்கள், தவறான விடைகளை எழுதுவதுதான் கடினம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையே குழுவாக உட்காரவைத்து எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. அதுவரை கையில் வைத்திருக்க ஒன்று: ஓர் ஒற்றை எண்ணின் வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்தால் வருவது எப்போதும் எதன் மடங்கு, 3, 8, 12, 16இல்? 5ஐப் போட்டால் முதல் மூன்றும் சரியாகத் தெரியும். 3ஐப் போட்டுப் பார்த்துவிட்டு, நிற்கிற விடைக்குக் காரணத்தையும் எழுதி வாருங்கள்.