கூத்துக்கு எத்தனை கையொப்பம்?

(தீவகச் சனசமூக நிலையத்தார் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தீவகத்தின் கலைச் செல்வத்தைப் பற்றி உங்களுக்கு எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். மெலிஞ்சிமுனையின் கூத்து மரபை நீங்கள் அறிவீர்கள். 1913இல் கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகளார் தமிழை உலக அரங்கில் ஏற்றியதையும் அறிவீர்கள். அக்கலையைக் காத்து நிற்கும் ஊர்ச்சங்கங்களின் கழுத்தை இறுக்கும் கயிறுகளைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

1946இல் பிரித்தானியாவில் கலைக்கழகம் அமைந்தபோது, அரசு பொருள் கொடுக்கும், கலையில் கை வைக்காது என்பதே அதன் நெறியாயிற்று. இலங்கையிலும் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் கலைக்கழகம் தோன்றியது. அதன் தமிழ் நாடகக் குழுவுக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமை தாங்கிய காலத்தில் அண்ணாவிமார் மதிக்கப்பெற்றனர். கூத்து நூல்கள் அச்சேறின. அன்று அறிஞர் கூத்தைத் தேடி ஊருக்கு வந்தனர். இன்றோ கூத்தர் அலுவலகங்களைத் தேடி அலைகின்றனர்!

சட்டங்களைப் பாருங்கள். நாடகப் பிரதியை முன்கூட்டியே காட்டி இசைவு பெறச் சொல்லும் சட்டம் 1912இல் வெள்ளையர் ஆட்சியில் பிறந்தது. குடியரசு வந்த பின்னும் அது ஒழியவில்லை. விடிய விடிய ஆடும் கூத்தில் அண்ணாவியார் அவைக்கேற்பப் பாட்டைக் கூட்டுவார், குறைப்பார். அவர் எந்தப் பிரதியைக் காட்டுவது? செலவுக்கென அனுமதிச்சீட்டு விற்றாலோ, 1946இல் வந்த களியாட்ட வரிச் சட்டம் குறுக்கே நிற்கின்றது.

தொண்டர் நிறுவனங்களைப் பதியும் 1980ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகள், நோயாளர், அநாதைகள் முதலியோர்க்கு உதவும் நிறுவனங்களை மனத்திற்கொண்டு எழுதப்பெற்றது. கூத்துச் சங்கத்துக்கு அதில் இடம் எங்கே? 1998இல் செய்த திருத்தமோ, நிறுவனமொன்றின் நிருவாகத்தை இடைக்காலச் சபையிடம் ஒப்படைக்கவும் வழி செய்தது. கோடிகளைக் கையாளும் நிறுவனங்களுக்கெனப் பின்னிய வலையில் நம் சிறு மீன்களும் சிக்கலாமா?

கடலையும் எண்ணிப் பாருங்கள். நயினாதீவுச் சங்கத்தின் செயலாளர் வேலணைச் செயலகத்துக்குப் போக, குறிகட்டுவானுக்குப் படகேறி, புங்குடுதீவைக் கடந்து செல்ல வேண்டும். அனலைதீவாரும் எழுவைதீவாரும் ஊர்காவற்றுறைக்குக் கடல் கடக்க வேண்டும். நெடுந்தீவுக்குத் தனிச் செயலகம் உண்டு. ஆயினும் யாழ்ப்பாணக் கச்சேரியில் ஒரு முத்திரை வேண்டுமெனில், குறிகட்டுவான் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். காற்றெழுந்தால் படகில்லை, படகில்லையேல் கையொப்பமில்லை. கடற்றொழிலாளிக்கு ஒரு நாட் பிழைப்பும் போயிற்று.

1990, 1991ஆம் ஆண்டுகளின் போர் இடப்பெயர்வால் நம் தீவுகள் ஆளரவம் குன்றின. திரும்பி வந்தோர் சிலரே. மத்தளம் அடிப்பவரே பொருளாளர். வேடம் புனைபவரே செயலாளர். அவர் படிவம் நிரப்புவாரா, பிள்ளைகளைப் பழக்குவாரா?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. பிரதேச சபையில் பதிந்த சனசமூக நிலையத்தின் பதிவை எல்லா அலுவலகங்களும் ஏற்கட்டும். கலாசார உத்தியோகத்தர் மாதம் ஒருமுறை தீவுக்கு வந்து விண்ணப்பங்களைப் பெறட்டும். இலாபம் கருதாத ஊர்க்கூத்துக்குப் பிரதி இசைவும் வரியும் வேண்டா. உதவிப் பணம் ஆட்டத்துக்கு முன்னரே கைக்கு எட்டட்டும்.

நமக்கும் கடமை உண்டு. அரசு தரும் ரூபாவாயினும், இலண்டனிலும் கனடாவிலும் வாழும் உறவுகள் அனுப்பும் பணமாயினும், அதன் கணக்கைக் கோயில் முன்றிலில் ஊர் கேட்கப் படிப்போம். ஊருக்குக் கணக்குக் காட்டும் சங்கம் எவர்க்கும் அஞ்ச வேண்டுவதில்லை.

அண்ணாவிமார் மூப்படைந்து வருகின்றனர். கோப்பு மேசையில் காத்திருக்கும். காலன் காத்திருக்க மாட்டான். அடுத்த பங்குனிக்குள் இந்நான்கு கோரிக்கைகளையும் ஒவ்வொரு பிரதேச சபையிலும் தீர்மானமாக்குவோம். அதற்கு இன்றே ஒப்பமிடுங்கள். கூத்துக்கு நாம் கேட்கும் கடைசிக் கையொப்பம் அதுவாகட்டும்!