நீர்க்கட்டின்னா உடனே ஆபரேஷனா?

இந்த எபிசோட் மேட்டுப்பாளையத்துல இருந்து வந்த ஒரு கேள்வியால தொடங்குது. 24 வயசு லிசனர். அடிவயித்து வலின்னு ஸ்கேன் எடுத்திருக்காங்க. வலது சினைப்பையில 4.5 சென்டிமீட்டர் நீர்க்கட்டின்னு ரிப்போர்ட். வீட்டுல, "கோயமுத்தூர் போயி கீஹோல்ல எடுத்துட்டு வந்தர்லாம் கண்ணு, கல்யாணத்துக்கு முன்னாடி முடிஞ்சிரும்"ங்கறாங்க. எடுத்தே ஆகணுமா?

அவங்க ரிப்போர்ட்டைப் பார்க்காம நான் பதில் சொல்லக் கூடாது. ஆனா டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு சொல்ல முடியும்.

முதல்ல, என்ன வகைக் கட்டி? தமிழ்ல ஒரு சிக்கல் இருக்கு. பிசிஓஎஸ்-ஐயும் நாம நீர்க்கட்டின்னுதான் சொல்றோம். அது வேற. அங்க இருக்கறது முழுசா வளராத சின்னச் சின்ன முட்டைப்பைகள். அதை ஆபரேஷன் பண்ணி எடுக்கறதில்ல. சாப்பாடு, உடற்பயிற்சி, மாத்திரைன்னு சிகிச்சையே வேற பாதை.

இன்னைக்கு நாம பேசறது சினைப்பையில தனியா வர்ற கட்டி. மாசாமாசம் முட்டை வளர்ற பை சில நேரம் உடையாம பெருசாகும். இல்லன்னா, முட்டை வெளிய வந்த பிறகு அந்த இடத்துல நீர் சேரும். மாதவிடாய் நிக்காத வயசுல வர்ற கட்டிகள்ல பெரும்பாலானது இந்த ரகம்தான். ரெண்டு மூணு மாதவிடாய்க்குள்ள தானாவே சுருங்கிடும். அதனால வெறும் நீர் மட்டும் இருக்கற 5 சென்டிமீட்டருக்குக் கீழான கட்டிக்கு, வலி பெருசா இல்லன்னா, முதல் சிகிச்சை காத்திருக்கறதுதான். சில வாரம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். கல்யாணமாகாதவங்க தயங்க வேண்டாம், வயித்து மேல வச்சே ஸ்கேன் பண்ணலாம்.

"கருத்தடை மாத்திரை சாப்பிட்டா கரைஞ்சிடுமா?" ஏற்கெனவே இருக்கற கட்டியை அது சீக்கிரமா கரைக்கறதா ஆய்வுகள் காட்டல. ஊசி போட்டு நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தா, திரும்ப நிறைய வாய்ப்பு அதிகம்.

அப்ப ஆபரேஷன் யாருக்கு? 7 சென்டிமீட்டருக்கு மேல போனா, மாசக்கணக்கா கரையாம வளர்ந்தா, வலி தொடர்ந்தா, ஸ்கேன்ல கெட்டியான பகுதி தெரிஞ்சா டாக்டர்கள் அதைப் பத்திப் பேசுவாங்க. முடி, பல் எல்லாம் இருக்கற டெர்மாய்டு கட்டி தானா போகாது. எண்டோமெட்ரியோசிஸ்ல வர்ற சாக்லேட் கட்டியும் பொதுவா அப்படித்தான். மாதவிடாய் நின்னவங்களுக்குக் கட்டி வந்தா அதுக்குக் கணக்கே வேற, புற்றுநோய் இல்லைன்னு உறுதி பண்ணியாகணும்.

இப்ப கீஹோல், அதாவது லேப்ராஸ்கோப்பி. முழு மயக்கம் கொடுத்து, வயித்துக்குள்ள கரியமில வாயுவை நிரப்பி, தொப்புள் வழியா கேமரா விடுவாங்க. இன்னும் ரெண்டு மூணு சின்னத் துளையில கருவிகள் போகும். கட்டியை ஒரு பைக்குள்ள போட்டு வெளிய எடுப்பாங்க. பெரும்பாலும் அன்னைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போயிடலாம். ஒண்ணு ரெண்டு வாரத்துல வேலைக்குத் திரும்பலாம். வயித்தைத் திறந்து பண்ணினா ஆறு வாரம் வரைக்கும் ஆகும். ஆனா புற்றுநோய் சந்தேகம் இருந்தா திறந்து பண்றதே பாதுகாப்பா இருக்கலாம்.

கோவையில இது புதுசில்ல. டாக்டர் சி. பழனிவேலு 1990-கள்லயே இங்க லேப்ராஸ்கோப்பியை வளர்த்தவர். ஊருக்குப் பக்கத்துல நல்ல வசதி இருக்கறது நமக்கு வரம். ஆனா தழும்பு சின்னதுங்கறதால ஆபரேஷனும் சின்னதுன்னு ஆயிடாது. உள்ள நடக்கற வேலை அதேதான். மயக்க மருந்து, ரத்தக்கசிவு, பக்கத்து உறுப்புல காயம்னு ஆபத்துகள் குறைவா இருந்தாலும் இருக்கு. கீஹோல்ங்கறது எப்படி எடுக்கறதுங்கறதுக்குத்தான் பதில். எடுக்கணுமாங்கறது தனிக் கேள்வி.

சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "கட்டியை மட்டும் எடுப்பீங்களா, சினைப்பையையே எடுப்பீங்களா?" இளவயசுல முடிஞ்சவரைக்கும் சினைப்பையைக் காப்பாத்தறதுதான் வழக்கம். சாக்லேட் கட்டியை உரிச்சு எடுக்கும்போது நல்ல திசுவும் கொஞ்சம் போகலாம், முட்டை இருப்பு குறையலாம். குழந்தை பெத்துக்கற யோசனை இருந்தா அதை முன்னாடியே சொல்லிடுங்க. செலவு கவலைன்னா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில வருமான்னு ஆஸ்பத்திரியிலயே கேட்டுக்கங்க.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. திடீர்னு ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தின்னா, சினைப்பை முறுக்கிக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னிருக்கலாம். கட்டி உடைஞ்சு உள்ள ரத்தம் கசிஞ்சாலும் திடீர் வலி வரும், தலை சுத்தும். சுக்குக் கசாயம் குடிச்சுட்டு விடியட்டும்னு படுக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. முறுக்கினதைச் சீக்கிரம் பிரிச்சா சினைப்பையைக் காப்பாத்த முடியும்.

மத்தபடி, அவசரம் இல்லாத கட்டிக்கு இன்னொரு டாக்டர்கிட்ட கருத்துக் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கு. கல்யாணத் தேதியைப் பார்த்து ஆபரேஷன் தேதி குறிக்க வேண்டாம். இதை உங்க அம்மாவுக்கும் போட்டுக் காட்டுங்க.