நிரை பிடித்து நடந்தவர்கள்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பழைய நினைவுகளைப் பேசுவது வழக்கம். நாங்கள் சற்றுத் தூரத்துச் சங்கதி ஒன்றில் தொடங்கி, பிறகு பதுளைக்கே வந்து சேர்கிறோம். பொறுத்துக் கேளுங்கள்.

நம்மில் பலர் இங்கே கிரேக்க, உரோம வரலாறு படித்தோம். கி.மு. 146இல் உரோமர் கொரிந்து நகரை அழித்தார்கள் என்பதோடு கிரேக்கரின் பாடம் முடிந்துவிடும். அதன் பிறகு அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நாமும் கேட்கவில்லை. அறிஞர்களும் நெடுங்காலம் ஏடுகளிலேதான் அதற்கு விடை தேடினார்கள். ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். கிரேக்க நாடு ஆளற்றுப் பாழடைந்தது என்று அவர்கள் எழுதியதே வரலாறாகிவிட்டது.

1970களின் பிற்பகுதியில் கிரேக்கத்தின் பொயோத்தியாப் பகுதியில் ஆய்வாளர்கள் வேறொரு வழியை எடுத்தார்கள். தோண்டுவதற்கு முன் நடந்து பார்த்தார்கள். சில மீற்றர் இடைவெளியில் வரிசையாக நின்று, வயலையும் மேட்டையும் கடந்து, கண்ணில் பட்ட மட்பாண்டத் துண்டுகளை எண்ணி, எடுத்த இடத்தைக் குறித்தார்கள். நம் தாய்மார் கூடை கட்டி நிரை பிடித்துப் போவதை நினைத்துக்கொண்டால் அந்தக் காட்சி விளங்கும். இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 1993இல் சூசன் அல்கொக் என்ற பெண் ஆய்வாளர் ஒரு நூல் எழுதினார். சிறு குடியானவர்களின் பண்ணை வீடுகள் உரோமர் ஆட்சியின் தொடக்கத்தில் குறைந்ததை அந்தத் துண்டுகள் காட்டின. ஆனால் மக்கள் அழிந்துபோனதாக அதற்குப் பொருளில்லை என்றார் அவர். நிலம் சிலர் கையில் சேர்ந்தது, சிறியவர்கள் இடம்பெயர்ந்தார்கள் என்று விளக்கினார். ஏடுகள் சொல்லாததை உடைந்த சட்டி சொல்லிற்று.

இனி ஊவாவுக்கு வருவோம். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1817, 1818இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டது. காடும் மேடும் கோப்பித் தோட்டமாகி, கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலையாயிற்று. இங்கேயும் நிலம் சிலர் கையில் சேர்ந்தது. அதில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். அவர்களைப் பற்றி எழுத்தில் என்ன இருக்கிறது? செக்ரோலில் ஒரு பெயர், நாள் கணக்கு, கடன் கணக்கு. பீலிக்கரையில் அவர்கள் பேசியதும், பிள்ளைக் காம்பராவில் பாடியதும், தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை ஒதுக்கிவிட்டுத் தாங்களே ஒரு தமிழ்ப் பெயர் இட்ட காரணமும் எந்தப் பேரேட்டில் இருக்கிறது?

பதுளையில் நிற்கும் பத்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டை நம்மில் பலர் கண்டிருப்போம். அதிகாரிகள் முறைகேடாக வசூலிக்கிறார்கள் என்று ஒரு சந்தை ஊரின் வணிகரும் குடிமக்களும் அரசனிடம் முறையிட்டதையும், அரசன் விதித்த ஒழுங்குகளையும் அது சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய முறையீட்டுக்குக் கல் இருக்கிறது. நம் பாட்டிமார் பெரட்டுக்களத்தில் நின்று முறையிட்டதற்கு ஒரு கடதாசியும் இல்லை.

1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே பழம்பொருள் என்று வகுத்தது. தோட்டத்து வாழ்வு முழுவதும் அந்தத் திகதிக்குப் பிந்தியது. ஆகவே நம்முடையதை நாமே பேண வேண்டியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க மாட்டோம். மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதே அன்று பெரும்பாடாயிற்று. பதிவு இல்லாத வாழ்வு அப்படித்தான் மறையும்.

லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு வருவதை நாம் மனமார வரவேற்கிறோம். ஒழுகும் காம்பராவில் படித்து வந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இடிக்கும் முன் ஒரு படம் எடுத்து, ஓர் அளவு குறித்து வைத்தால் போதும் என்பதே எங்கள் வேண்டுகோள். கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயமே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாகியிருக்கிறது. நம் பள்ளியில் ஓர் அலுமாரியாவது வைக்க முடியாதா?

பாட்டியின் மட்டக்கம்பு, கொழுந்துக் கூடை, தேய்ந்த அம்மி, பழைய கடவுச்சீட்டு, எதுவானாலும் கொண்டு வாருங்கள். அதோடு ஒரு சீட்டு எழுதுங்கள்: யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த ஆண்டு. இடம் தெரியாத பொருள் ஊமைப் பொருள் என்பது தொல்லியலின் முதற்பாடம். வெளிநாட்டில் இருப்பவர்கள் தாயிடமோ பெரியம்மாவிடமோ தொலைபேசியில் கேட்டு எழுதி அனுப்பலாம். அடுத்த ஆண்டுக்கென்று தள்ளிப் போடாதீர்கள். சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

முன்பு சொன்ன பொயோத்தியாவில், உரோமர் காலத்தில், புளூட்டார்க் என்ற எழுத்தாளர் வாழ்ந்தார். தம் ஊர் சிறியது, தாமும் போய்விட்டால் இன்னும் சிறிதாகிவிடும் என்று அங்கேயே தங்கியவர். நம்மில் பலருக்கு அப்படித் தங்க முடியவில்லை. பிழைப்பும் சட்டமும் அச்சமும் நம்மைப் பல நாடுகளுக்கு அனுப்பிவிட்டன. ஊர் சிறுத்துப் போகாமல் காக்க நம்மால் ஆனது, அதைப் பற்றி எழுதி வைப்பது. இந்தப் பள்ளிதான் நமக்கு எழுதக் கற்றுத் தந்தது.