‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்றவங்க பக்கத்துல இருக்கிறது

“அவனுக்கு டிப்ரெஷன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, நான் என்ன பண்ணணும்?” நமக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. பெரும்பாலும் கடைசி வரி இப்படி இருக்கும்: “எங்க வீட்லயும் தெரியாது, அவன் வீட்லயும் தெரியாது.” அதனால இன்னைக்கு இன்னும் கல்யாணம் ஆகாத ஜோடிகளை மனசுல வெச்சே பேசுறேன்.

டிப்ரெஷன்னா அழுதுக்கிட்டே இருப்பாங்கன்னு ஒரு நினைப்பு இருக்கு. நிறைய பேர்கிட்ட அழுகையே இருக்காது. எதுலயும் பிடிப்பு இல்லாம போயிடும். முதல் நாள் முதல் ஷோ பார்க்காம தூங்காத ஆள், டிக்கெட் எடுத்து வெச்சாலும் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார். பிரியாணி சப்புன்னு இருக்கும். உங்க மெசேஜுக்கு ரெண்டு நாள் கழிச்சு ஒரு ‘ம்’ வரும். சிலருக்கு, முக்கியமா ஆண்கள் பல பேருக்கு, இது எரிச்சலாத்தான் வெளியே வரும்.

காதலிக்கிறவங்களுக்கு அடி விழுறது இங்கதான். இதே ‘ம்’மைப் பார்த்து ஒரு ஃப்ரெண்ட் ‘இவனுக்கு ஏதோ சரியில்ல’ன்னு நினைப்பான். நீங்க ‘என்னைப் பிடிக்கலையோ’ன்னு நினைப்பீங்க. நினைக்கத்தான் செய்வீங்க, காதல்ல நாம எதிர்பார்க்கிறதே அந்த ஆர்வத்தைத்தானே. அவருக்கு மொத்த உலகத்து மேலயும் ஆர்வம் வத்திப் போயிருக்கு, அந்த உலகத்துக்குள்ளதான் நீங்களும் இருக்கீங்க. இன்னொண்ணு, யாரும் வாய்விட்டுச் சொல்றதில்ல: டிப்ரெஷனுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளும் செக்ஸ் ஆர்வத்தைக் குறைக்கும். டாக்டர்கிட்ட கூச்சப்படாம சொன்னா அளவையோ மருந்தையோ மாத்திப் பார்ப்பாங்க. தானா நிறுத்துறது மட்டும் கூடாது.

“ஏதாவது வேணும்னா சொல்லு”ங்கிறது நல்ல மனசோட சொல்ற வார்த்தைதான். ஆனா என்ன வேணும்னு யோசிச்சு, அதை வாய்விட்டுக் கேட்கிற வேலையையும் அவர் தலையிலயே கட்டுது. அதுக்குப் பதிலா, “ஆறு மணிக்கு உங்க தெரு முனையில நிக்கிறேன், டீக்கடை வரைக்கும் நடப்போம், பேசவே வேண்டாம்”னு சொல்லிப் பாருங்க. சைக்காலஜிஸ்டுகள் இதையே ஒரு சிகிச்சை முறையா வெச்சிருக்காங்க, பிஹேவியரல் ஆக்டிவேஷன்னு பேரு. மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம்னு காத்திருக்காம, முதல்ல சின்னதா ஒண்ணு செய்யறது. மனசு மெதுவா பின்னாடி வரும். வரலேன்னு சொன்னா விட்டுடுங்க. நாளைக்கும் கூப்பிடுங்க.

‘பாசிட்டிவா யோசி’, ‘உனக்கென்னடா குறைச்சல்’ இதெல்லாம் எதுக்கும் உதவாது, அதைப் பத்தி நேரம் செலவழிக்க வேண்டாம்.

மாத்திரை விஷயத்துல ஒரு கணக்கு தெரிஞ்சிருக்கணும். பலன் தெரிய பொதுவா 2லேர்ந்து 6 வாரம் ஆகும். குமட்டல், தலைவலி மாதிரி பக்க விளைவு முதல் வாரத்துலயே வந்துடும். அதாவது கஷ்டம் முன்னாடி, பலன் பின்னாடி. பாதிப் பேர் தூக்கிப் போடணும்னு நினைக்கிறது அந்த இடைவெளியிலதான். உங்க துணை ரொம்பத் தேவைப்படுறதும் அப்பதான். டாக்டர் தைராய்டு டெஸ்ட் எழுதிக் கொடுத்தா எடுத்துடுங்க. தைராய்டு குறைஞ்சாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி சோர்வு வரும். காசு பிரச்சினைன்னா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு. சென்னையில கீழ்ப்பாக்கம். ஆமா, அந்தக் கீழ்ப்பாக்கமேதான். 1794ல ஆரம்பிச்ச இடம் அது. சினிமாவும் நாமளும் சேர்ந்து அந்தப் பேரையே காமெடி ஆக்கிட்டோம். அங்க புறநோயாளியா போய் மாத்திரை வாங்கிட்டு வேலைக்குப் போறவங்க எத்தனையோ பேர்.

இப்போ கஷ்டமான பகுதி. “சாகணும்னு தோணுதா?”ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்சிடுவோமோன்னு பயப்படாதீங்க, ஆராய்ச்சிகள்ல அப்படித் தெரியல. பல பேருக்கு ஒருத்தர் கேட்டதே பெரிய ஆறுதல். ‘ஆமா’ன்னு சொல்லி, எப்படின்னும் யோசிச்சு வெச்சிருந்தா அவரைத் தனியா விடக் கூடாது. மாத்திரை டப்பா உங்க கைக்கு வந்துடணும். 14416ங்கிறது டெலி மானஸ், அரசு நடத்துற இலவச எண், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம். உயிருக்கு ஆபத்துன்னா 108. போலீஸ் கேஸ் ஆயிடுமோங்கிற பயத்துல ஆஸ்பத்திரியைத் தள்ளிப் போடாதீங்க. 2017 மனநலச் சட்டத்தோட 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்துல இருந்தார்னே எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது.

அப்புறம் அந்த ‘வீட்ல தெரியாது’. ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’னு சத்தியம் மட்டும் பண்ணிக் கொடுத்துடாதீங்க. உயிர் ஆபத்துன்னு வந்தா சொல்லித்தான் ஆகணும், உங்க காதல் வெளிய வந்தாலும் சரி. அவருக்கு அக்காவோ சித்தப்பாவோ, கத்தாம கேட்கக்கூடிய ஒரு ஆளை இப்பவே ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணிக்கோங்க.

அதே சட்டத்துல 14ஆம் பிரிவு பாருங்க, காதலிக்கிறவங்க பல பேருக்கு இது தெரியாது. 18 வயசான யாரும், தன் மனநல சிகிச்சையில கூட நிக்க ஒரு பிரதிநிதியை நியமிச்சுக்கலாம். வெள்ளைத்தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். சொந்தக்காரரா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. நீங்களும் மேஜரா இருந்து, சம்மதமும் எழுதிக் கொடுக்கணும். ‘நீங்க அவருக்கு யாரு?’ன்னு கேட்கிற கவுண்டர்ல அந்தத் தாள்தான் உங்க பதில். அவர் தெளிவா இருக்கிற ஒரு நாள்ல எழுதி வெச்சிடுங்க.

வீட்ல தெரிஞ்சதும் ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்’னு ஆரம்பிப்பாங்க. உங்களையே கட்டி வைக்கிறோம்னு சொன்னாலும் அவசரப்படாதீங்க. மண்டபம், சடங்கு, சொந்தக்காரங்க கூட்டம் எல்லாம் நல்லா இருக்கிறவங்களையே படுக்க வைக்கும்.

எல்லாம் செஞ்சும் உங்களால முடியலேன்னா? பிரியலாம். கை நீட்டுறது, போனைப் பிடுங்கிப் பார்க்கிறது, இதையெல்லாம் நோய் கணக்குல எழுத வேண்டியதில்ல. ‘நீ போனா செத்துடுவேன்’னு சொன்னா, அதை மருத்துவ அவசரமா எடுத்துக்கிட்டு 14416க்கும் வீட்டுக்கும் சொல்லுங்க, உறவுல இருக்கிறதா வேண்டாமாங்கிற முடிவை அதோட முடிச்சுப் போடாதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி அவர் நிலைமை இன்னும் ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கான்னு பார்த்துக்கோங்க.

முதல் தடவை சைக்யாட்ரிஸ்ட்டைப் பார்க்கப் போனா அந்த ரூமுக்குள்ள என்ன நடக்கும்னு அடுத்த எபிசோட்ல பேசலாம்.