நாய்க்குப் பேர் இருக்கிறது... அவளுக்கு?

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: போர் ஓய்ந்த பின்னும் ஓயாத துயரம் போரிட்ட வீரனுக்கா? போரிடாத மக்களுக்கா? "போரிடாத மக்களுக்கே" அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் கண்ணீர் வரவழைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்தேன். பாதிப் பேர் கண்ணைத் துடைத்தீர்கள். மீதிப் பேர் மூக்கைத் துடைத்தீர்கள். அது பனி! (சிரிப்பு) ஆனால் அவர்கள் சொன்னது பொய்யில்லை, ஐயா. போரிலிருந்து திரும்பிய வீரனுக்குத் தூக்கம் வராது என்றார்கள். உண்மை. முதல் உலகப் போரில் "ஷெல் ஷாக்" என்றார்கள். வியட்நாம் போருக்குப் பிறகு 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதை ஒரு நோய் என்று ஒப்புக்கொண்டு பெயர் வைத்துப் பட்டியலில் சேர்த்தார்கள் என்றார்கள். அதுவும் உண்மை.

நான் இன்னும் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கட்டுமா? எதிரணிக்கு நானே உதவி செய்கிறேன். தமிழன் இதை எப்போதோ எழுதிவிட்டான்! முல்லைப்பாட்டிலே நப்பூதனார் காட்டுகிற அரசன் பாசறையில் படுத்திருக்கிறான். பஞ்சணை இருக்கிறது, காவல் இருக்கிறது, தூக்கம் மட்டும் இல்லை. நேற்று அடிபட்ட யானை நினைவுக்கு வருகிறது. செத்த வீரன் நினைவுக்கு வருகிறான். அம்பு தைத்த குதிரை புல்லைத் தின்னாமல் காதைச் சாய்த்து நிற்பது நினைவுக்கு வருகிறது. நெடுநல்வாடையிலே நக்கீரர் காட்டுகிற அரசன் நள்ளிரவில், வாடைக்காற்றில் விளக்குச் சுடர் சாய, புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராய்ப் போய்ப் பார்த்து ஆறுதல் சொல்கிறான். ஆகவே வீரனுடைய வலியை நான் மறுக்க வரவில்லை. அதை மறுத்தால் நான் தமிழ் படித்ததற்கே அர்த்தமில்லை. (கைதட்டல்)

ஆனால் நடுவர் அவர்களே, தலைப்பை இன்னொரு தடவை படியுங்கள். யாருக்குத் துயரம் என்று கேட்கவில்லை. போர் ஓய்ந்த பின்னும் "ஓயாத" துயரம் யாருக்கு என்று கேட்டிருக்கிறீர்கள்! அந்த "ஓயாத" என்ற சொல்லில்தான் எங்கள் அணி நிற்கிறது.

இதே மலையில் காவலூரில் தொலைநோக்கி இருக்கிறது. 1986இல் திறந்து வைத்தார்கள், வைணு பாப்பு பெயரை வைத்தார்கள். அதில் தெரிகிற விண்மீன் வெளிச்சம் என்றைக்கோ கிளம்பியது. கிளம்பின இடத்திலே அந்த விண்மீன் இப்போது இருக்கிறதோ, அணைந்து போனதோ! வெளிச்சம் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. போரும் அப்படித்தான், ஐயா. அங்கே அணைந்துவிட்டது என்று கையெழுத்துப் போடுகிறார்கள். இங்கே வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. யாருக்கு வந்து சேருகிறது? அதுதான் கேள்வி.

முதலில் இந்த மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். மலையை விட்டு இறங்கினால் செங்கம். மலைபடுகடாம் பாடப்பட்ட நன்னனுடைய ஊர். அந்தச் செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். 1972இல் தொல்பொருள் ஆய்வுத் துறை, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, "செங்கம் நடுகற்கள்" என்று தனிப் புத்தகமே போட்டது. அதில் எடுத்தனூர்க் கல் ஒன்று. முதலாம் மகேந்திரவர்மனுடைய 34ஆம் ஆட்சி ஆண்டு. 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்கிற வீரன் எருமைகளைக் காப்பாற்றச் சண்டை போட்டுச் செத்திருக்கிறான். அவனுக்குக் கல். கல்லிலே அவன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. திருடர்கள் இரண்டு பேரைக் கடித்துக் காவல் நின்ற நாய். அந்த நாய்க்கு ஒரு பெயர், அந்தப் பெயரையும் கல்லிலே வெட்டியிருக்கிறான். கோவிவன்!

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்! நன்றியுள்ள நாய்க்கு 1,400 வருஷத்துக்கு அழியாத பெயர் கொடுத்த இனம் நம் இனம். (கைதட்டல்) கைதட்டிவிட்டீர்களா? நல்லது. இப்போது நான் கேட்கிறேன். அரசன் பெயர் இருக்கிறது. வீரன் பெயர் இருக்கிறது. நாய்க்குப் பேர் இருக்கிறது. அவனுக்கு ஒரு பெண்டாட்டி இருந்திருந்தால், அவள் பெயர் எங்கே, ஐயா? அவனைப் பெற்றவள் பெயர் எங்கே? மறுநாள் காலையில் அந்த வீட்டில் அடுப்பை மூட்டினது யார்? பிள்ளைக்கு என்ன சொன்னாள்? கல் பேசவில்லையே! (கைதட்டல்)

தொல்காப்பியர் நடுகல்லுக்கு ஆறு நிலை சொன்னார். கல்லைப் பார்ப்பது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. செத்த வீரனுக்கு ஆறு படி மரியாதை. புண்பட்டுத் திரும்பினவனுக்குக்கூட ஒரு துறை வைத்தார்: தொடாக்காஞ்சி. புண்பட்ட கணவனைப் பேய் தொடாமல் மனைவி காவல் காப்பது. புறநானூற்றிலே அரிசில் கிழார் அதைப் பாடுகிறார். வீட்டு இறப்பிலே வேப்பிலையும் இரவ இலையும் செருகு, யாழை வாசி, வெண்கடுகைச் சிதறு என்று ஒருத்தி ஓடி ஓடிச் செய்கிறாள். துறையின் பெயரில் புண் அவனுக்கு. வேலை? அவளுக்கு! அவனுக்காவது வலியில் மயக்கம் வரும், கண் சொக்கும். காவல் இருக்கிறவள் கண்ணை மூட முடியுமா?

எதிரணி நண்பர் சொன்னார், "வீரன் நடு ராத்திரியில் அலறிக்கொண்டு எழுந்திருக்கிறான்" என்று. சரி ஐயா, பக்கத்தில் படுத்திருந்தவள் மட்டும் குறட்டை விட்டுத் தூங்கினாளா? (சிரிப்பு) அந்த அலறலைக் கேட்டு மூலையில் ஒடுங்கின குழந்தை எந்தப் போருக்குப் போச்சு? வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். வீட்டுக்கு ஒருத்தரை இராணுவத்துக்குக் கொடுத்த ஊர் என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கே போய் வீரனைக் கும்பிடுங்கள். கும்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அம்மாவையும் கேளுங்கள், தந்தி வந்த காலத்தில் தபால்காரர் சைக்கிள் மணியைக் கேட்டால் வயிறு என்ன செய்தது என்று! வீரனுடைய துயரமே கடைசியில் வந்து சேருகிற இடம் போரிடாதவர் வீடுதான்.

இப்போது வியட்நாமுக்கு வருகிறேன். 1961 முதல் 1971 வரை, பத்து ஆண்டு. எதிரி காட்டுக்குள்ளே ஒளிந்திருக்கிறான், காட்டையே அழி என்று அமெரிக்க விமானங்கள் களைக்கொல்லியைத் தெளித்தன. 7 கோடி லிட்டருக்கும் மேல். பீப்பாயில் ஆரஞ்சு நிறப் பட்டை போட்டிருந்ததால் "ஏஜண்ட் ஆரஞ்சு" என்று பெயர். நம் வீட்டிலே ஆரஞ்சு என்றால் பிள்ளைக்கு உரித்துக் கொடுப்போம். அங்கே ஆரஞ்சு என்றால் விஷம்! அதிலே டையாக்ஸின் கலந்திருந்தது. மண்ணிலே இறங்கி, குளத்துச் சேற்றிலே தங்கி, மீனிலே ஏறி, தாய்ப்பாலிலே வந்தது. டா நாங் விமான நிலைய மண்ணைச் சுத்தம் பண்ணுகிற வேலை, அமெரிக்கா கொடுத்த பணத்திலேயே, 2012இல் தொடங்கி 2018இல்தான் முடிந்தது. போர் முடிந்தது 1975இல். 43 வருஷம்!

எதிரணியினர் உடனே எழுந்திருப்பார்கள். "அந்த விஷம் தெளித்த வீரனையும் பாதித்ததே?" என்பார்கள். பாதித்தது. மறுக்கவில்லை. ஆனால் அடுத்து நடந்ததைக் கேளுங்கள். வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 1984இல் ரசாயனக் கம்பெனிகள் 18 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. 1991இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த வீரர்களுக்காகச் சட்டமே போட்டது. நல்ல காரியம். வியட்நாம் மக்கள் 2004இல் அதே அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2005இல் வழக்குத் தள்ளுபடி. அன்றைய சர்வதேசச் சட்டப்படி அது தடை செய்த விஷம் ஆகாது என்று தீர்ப்பு. மேல்முறையீடு, 2008இல் தள்ளுபடி. உச்ச நீதிமன்றம் 2009இல் எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது.

நடுவர் அவர்களே, நீங்களும் ஒரு நீதிபதி ஸ்தானத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். விஷம் ஒன்று. பீப்பாய் ஒன்று. மேலே நின்று தெளித்தவனுக்கு நஷ்டஈடு. கீழே நின்று நனைந்தவளுக்குத் தள்ளுபடி! (நீண்ட கைதட்டல்) இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

வாஷிங்டனில் 1982இல் கருங்கல்லில் ஒரு சுவர் எழுப்பினார்கள். 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அமெரிக்காவின் நடுகல் அது. போய்த் தடவிப் பார்த்து அழுகிறார்கள். அழட்டும், அழ வேண்டும். ஆனால் அந்தப் போரில் செத்த வியட்நாமியப் பொதுமக்கள் 20 இலட்சம் வரை என்று 1995இல் அந்த நாட்டு அரசு கணக்குச் சொன்னது. அவர்கள் பெயரை எழுத எவ்வளவு நீளச் சுவர் வேண்டும், ஐயா?

அந்தக் கூட்டத்திலே நமக்குத் தெரிந்த பெயர் ஒன்று: கிம் புக். 1972 ஜூன் 8. ஒன்பது வயசுப் பெண். தென்வியட்நாம் விமானம் போட்ட நாபாம் குண்டிலே உடுப்பு எரிந்து, சாலையிலே ஓடி வந்தாளே, அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படத்திலே அவள் ஒரு நொடி ஓடினாள். தழும்புக்கான லேசர் சிகிச்சை முடிந்தது 2022இல்! 50 ஆண்டு. வீரனுக்குப் பணியிலிருந்து விடுவிப்பு உண்டு, பென்ஷன் உண்டு. நம் ஊரில் மாவட்டத்துக்கு மாவட்டம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. அவன் உயிரைப் பணயம் வைத்தான், அது அவன் உரிமை. போரிடாத குழந்தைக்கு எந்த அலுவலகத்தில் விடுவிப்புச் சான்று தருவார்கள்?

(மணி அடிக்கிறது) ஐயா, மணி அடித்துவிட்டீர்கள். எதிரணிக்கு மூன்று நிமிஷம் கூடுதலாகக் கொடுத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். (சிரிப்பு) இரண்டு நிமிஷம் எனக்கு!

வியட்நாம் ரொம்ப தூரம் என்று நினைக்கிறீர்களா? இலங்கை தூரமா? 1983இலிருந்து படகேறி வந்தார்கள். இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்திலும் முகாம், வேலூரிலும் முகாம். 2021இல் தமிழ்நாட்டு முகாம்களில் மட்டும் 58 ஆயிரம் பேருக்கு மேல். போர் 2009 மே மாதம் முடிந்துவிட்டது. முகாம் முடிந்ததா? 2021இல்தான் "அகதிகள் முகாம்" என்கிற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றினார்கள். அந்த நவம்பர் மாதம் வேலூர் மேல்மொணவூரில்தான் புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். நல்லது. ஆனால் யோசித்துப் பாருங்கள், முகாமிலே பிறந்த பிள்ளை. படித்தது திருக்குறள், பேசுவது நம் பேச்சு. அது துப்பாக்கியைப் பார்த்ததில்லை, குண்டுச் சத்தம் கேட்டதில்லை. "நீ எந்த நாடு?" என்று விண்ணப்பத்திலே ஒரு கட்டம் வரும்போது பேனா நின்று போகிறது. போர் வந்து சேர்ந்துவிட்டது, ஐயா! தாத்தா காலத்தில் கிளம்பின போர், பேரன் கையில் இருக்கிற பேனாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. (கைதட்டல்)

நம் ஊர்க் கல்யாணத்தில் சம்பந்திகள் இரண்டு பேர் சண்டை போட்டால் என்ன ஆகும்? அவர்கள் மறுநாள் ஒன்றாக உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். பந்தியில் உட்கார்ந்தவன்தான் பட்டினி! (சிரிப்பு) வியட்நாமும் அமெரிக்காவும் 1995இல் தூதரக உறவு வைத்துக்கொண்டன. வெற்றிலை போட்டாயிற்று. பந்தியில் உட்கார்ந்தவர்கள் கதைதான் நான் இவ்வளவு நேரம் சொன்னது.

எதிரணி நண்பர்களே, வீரனுக்குக் கல் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இருக்கிற கல்லைப் பிடுங்கச் சொல்லவில்லை. அந்தக் கல்லில் இன்னும் இடம் இருக்கிறது என்கிறோம். நாய்க்கு இடம் விட்ட கல்லிலே, வேப்பிலை செருகியவளுக்கும், விஷம் குடித்த தாய்க்கும், முகாமிலே பிறந்த பிள்ளைக்கும் ஒரு வரி இடம் கேட்கிறோம். பெயர் இருக்கிற துயரத்துக்கு என்றாவது ஒருநாள் ஆறுதல் வரும். பெயரே இல்லாத துயரம் எப்படி ஓயும்? ஆகவே, போர் ஓய்ந்த பின்னும் ஓயாத துயரம் போரிடாத மக்களுக்கே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.